பாய்மரத்திலிருந்து குதித்தவள்

ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச்சு ஓட்டும் கருணாகரனிடம் போய்ப் புதுப் படம் ஒன்றைப் புகழ்ந்து பேசிவிட்டு மரியாதையோடு திரும்பி வந்தவர்கள் யாரும் கிடையாது. கப்பல் தளத்தில் நின்றபடியே கையிலிருக்கும் கிரீஸைக் கோணித் துண்டில் துடைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவான்.

"இன்னா படம் எடுக்கறானுங்க இப்ப? நின்னுகினு பேசறான், குந்திகினு பேசறான், சாவப் போறவன்கூட அரை மணி நேரம் பேசிட்டுத்தான் சாவறான். அந்தக் காலத்துப் படம் பாரு. நாப்பது பாட்டு. ராஜான்னா பாத்தவொடனே கும்புடத் தோணும். கத்திச் சண்டைன்னா நெசக் கத்தி. இப்ப இன்னா கீது, அட்டைக் கத்தி!"

அந்தக் காலம் என்று அவன் சொன்னது பதினைந்து, பதினாறு வருஷத்துக்கு முந்திய காலத்தை. இது நடந்தது ஐம்பத்து நாலாம் வருஷம், பங்குனி மாசம்.

காசிமேட்டில் கடலைப் பார்த்த ஓட்டு வீடு அவனுடையது. தகப்பனும் தமையன்களும் கட்டுமரத்தில் போனவர்கள். இவனுக்கு மட்டும் அலை தாண்டினால் தலை சுற்றி வாந்தி வரும். அதனால்தான் ஹார்பர் வேலைக்குப் போனான். கடலுக்குப் போகாத குறையைச் சினிமாவில் தீர்த்துக்கொண்டான் என்று குப்பத்தில் கேலி செய்வார்கள். வீட்டுத் தகரப் பெட்டியில் துணி இருந்ததைவிடப் பாட்டுப் புஸ்தகங்கள் அதிகம். எந்தப் படம் எந்தக் கொட்டகையில் எத்தனை வாரம் ஓடியது, எந்த நடிகர் எந்த நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவர், எல்லாம் அவனுக்கு நுனி நாக்கில் இருக்கும். எல்லாருக்கும் மேலே ஒருத்தி இருந்தாள். பி. ஜே. சாரங்கவேணி. சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அவள் படம் தொங்கியது. பெண் பிறந்தபோது யாரையும் கேட்காமல் வேணி என்று பெயர் வைத்துவிட்டான்.

சாரங்கவேணி நடித்த 'பவளத்தீவு ராணி'யை அவன் முப்பத்தோரு தடவை பார்த்திருந்தான். அதில் ஒரு கட்டம் வரும். கடற்கொள்ளைக்காரர்கள் ராணியைக் கப்பலில் கடத்திக்கொண்டு போவார்கள். அவள் கட்டை அவிழ்த்துக்கொண்டு பாய்மரத்தில் ஏறுவாள். கீழே கத்தியும் கையுமாக முப்பது பேர். ஏறினவள் ஒரு கணம் நிற்பாள். இடது கையால் முந்தானையை ஒரு சுற்றுச் சுற்றி இடுப்பில் சொருகுவாள். அப்புறம் தலைகீழாகக் கடலில் ஒரு பாய்ச்சல். தண்ணீர் மூடிக்கொள்ளும். கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வெகுதூரம் தள்ளி ஒரு தலை எழும்பும். அந்த இடத்தில் கருணாகரன் அடிக்கும் விசில் திரைக்குப் பின்னால் பீடி குடிப்பவனுக்கும் கேட்கும்.

அவன் மனைவி குப்பம்மா சினிமாவுக்கே வரமாட்டாள். எண்ணூருக்கு அப்பால், காட்டுப்பள்ளியில் பிறந்தவள். கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து ராயபுரத்துத் தெருக்களில் விற்பாள். கல்யாணமான மூன்றாம் நாள் அவளைப் 'பவளத்தீவு ராணி'க்குத்தான் கூட்டிக்கொண்டு போனான். அதுதான் அவள் பார்த்த ஒரே படம். அதற்குப் பின் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தான். "நீ போயிட்டு வந்து சொல்லுய்யா, கேட்டுக்கறேன்" என்பாள். அவன் சொல்வான். அவளும் மீன் ஆய்ந்துகொண்டே கேட்பாள்.

அந்தப் பங்குனியில் டோல்கேட்டுக்கு வடக்கே இருந்த டூரிங் கொட்டாயில் மூன்று நாளைக்கு மட்டும் 'பவளத்தீவு ராணி' போடுகிறார்கள் என்று மாட்டு வண்டியில் தப்பட்டை அடித்துக்கொண்டு நோட்டீசு வீசினார்கள். கருணாகரன் நோட்டீசை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

அன்றைக்குக் கோதுமைக் கப்பல். கப்பல் வயிற்றுக்குள் ஆட்கள் மூட்டைகளைக் கயிற்று வலையில் அடுக்குவார்கள். வின்ச்சுக்காரன் அதைத் தூக்கிக் கரையில் இறக்க வேண்டும். உள்ளே நடப்பது வின்ச்சுக்காரன் கண்ணுக்குத் தெரியாது. விளிம்பில் ஒருவன் நின்று கையால் சைகை காட்டுவான். கை மேலே போனால் 'ஹபீஸ்', தூக்கு. கீழே போனால் 'ஆரியா', இறக்கு. கருணாகரனுக்குச் சைகை காட்டுபவன் ரஷீது. பன்னிரண்டு வருஷமாக ரஷீதின் கைதான் கருணாகரனின் கண். இருவரும் ஒரே தட்டில் சாப்பிடும் தோஸ்துகள்.

மத்தியானம் கிடங்கு நிழலில் சோற்றைப் பிரித்தார்கள். கருணாகரன் கொண்டு வந்த சங்கரா மீன் வறுவலில் பாதி ரஷீதின் பக்கம் போனது. கருணாகரன் நோட்டீசை எடுத்து விரித்தான். எழுந்து நின்று, முந்தானையைச் சொருகுவதுபோல் துண்டைச் சொருகி, பாய்ச்சலை நடித்தும் காட்டினான். மூட்டை தூக்குகிறவர்கள் கை தட்டினார்கள்.

ரஷீது மட்டும் தட்டவில்லை. "நைனா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. எங்க மாமா ஒருத்தரு மண்ணடில டெய்லரு. அந்தப் படத்துக்கு டிரஸ்ஸு தெச்சவரு. நேத்து இந்த நோட்டீசப் பாத்துட்டு ஒரே சிரிப்பு. அந்தக் குதி குதிச்சது உன் சாரங்கவேணி இல்லயாம்."

"பின்ன உங்க மாமாவா?"

"ஒரு ஆம்பளயாம்பா. பொடவ கட்டி, சவுரி வெச்சி, மீசய வழிச்சிட்டு..."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கருணாகரன் நோட்டீசை மடித்துச் சட்டைப் பையில் திணித்தான்.

"ஆம்பளயா? ஆம்பள அப்டி முந்தானையைச் சொருவுவானா? முப்பத்தோரு வாட்டி பாத்தவன் நானு. எனக்குத் தெரியாதா, உன் டெய்லருக்குத் தெரியுமா?"

"அந்த ஆளுக்குப் பொடவ கட்டி வுட்டதே அவருதானாமே!"

"இந்தா பாரு. குதிச்சது சாரங்கவேணி இல்லன்னா என் மீசய எடுத்துடறேன். ஆம்பளயா இல்லன்னா நீ இன்னா பண்ணுவே?"

"உன் வூட்டு மீன் கூடய ஒரு மாசம் நான் தலையில தூக்கறேன், போதுமா?"

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் சாப்பாட்டு நேரம் முடிகிறவரை ஆளாளுக்கு "மீச வழிச்ச ராணி" என்று பாடிக்கொண்டே போனார்கள். கருணாகரன் முகம் கடுத்துப் போய் வின்ச்சைப் பிடித்தான். ரஷீதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பார்க்கவும் இல்லை. ரஷீதின் கை நிறுத்து என்றது. கருணாகரன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கிய வலை விளிம்பில் மோதி, ஒரு பக்கக் கயிறு அறுந்து, பன்னிரண்டு மூட்டையும் கப்பல் வயிற்றுக்குள் விழுந்தன. ரஷீது போட்ட கத்தலில் உள்ளே இருந்தவர்கள் சிதறி ஓடியதால் உயிர் ஒன்றும் போகவில்லை.

மேஸ்திரி வந்தார். "கருணாகரா, எறங்கு. ஒரு வாரம் இந்தப் பக்கம் வராதே. அதுக்கப்புறம் உன்னய வெச்சிக்கறதா வேணாமான்னு பாக்கலாம்" என்றார்.

வெயில் தாழ்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். கடல் காற்று எழும்பிக் கருவாட்டு வாடையைக் கொண்டு வந்தது. குப்பம்மா வியாபாரம் முடித்து வந்து, வாசலில் கூடையைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். வேணி தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நேரத்தோடு வந்து நிற்கும் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள் குப்பம்மா.

"இன்னாய்யா, ஒடம்பு சரியில்லயா?"

அவன் சொன்னான். மூட்டை விழுந்ததை, மேஸ்திரி சொன்னதை, கடைசியில் ரஷீது சொன்னதை. அவள் முதல் இரண்டையும் அமைதியாகக் கேட்டாள்.

"ஆளு யாருக்கும் அடி படலயே? அது போதும். ஒரு வாரம்தானே, கூடய ரெண்டு நடை சேத்துத் தூக்கறேன்." பிறகு கையைக் கழுவிக்கொண்டு கேட்டாள்: "ரஷீது அண்ணன் இன்னா சொல்லிச்சி? இன்னொரு தபா சொல்லு."

"குதிச்சது ஆம்பளயாம்."

"ஆம்பளயா!"

"ஆமாம்மே. மீச வழிச்ச ஆம்பளன்னு பாட்டு பாடறானுங்க."

குப்பம்மா கழுவிய கூடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். உள்ளே போய்க் கேழ்வரகுக் கூழும் நெத்திலிக் குழம்பும் கொண்டு வந்து வைத்தாள். அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"அது ஆம்பள இல்லய்யா."

"அதத்தானே நானும் சொல்றேன். சாரங்கவேணி..."

"அவங்களும் இல்ல. நானு."

கருணாகரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவனுக்குக் கோபம் வந்தது. "இன்னாம்மே, நானே வேல போயி வந்து குந்திகினு கீறேன். நீயும் கிண்டல் பண்றியா?"

"கூழக் குடிச்சிகினே கேளு. எனக்கு அப்ப பதினாறு. எண்ணூரு முகத்துவாரத்தாண்ட சினிமாக்காரங்க வந்து எறங்கினாங்க. ஒரு தோணிக்குச் சாயம் பூசிக் கப்பலு மாதிரி பண்ணி வெச்சிருந்தாங்க. நாங்க பொண்ணுங்க முங்கி முங்கி மட்டிச் சிப்பி அள்ளிகினு இருந்தவங்க, அத்த வுட்டுட்டு வேடிக்க பாத்துகினு நின்னோம். அந்தம்மா கொடைக்குக் கீய குந்தினு இருந்தாங்க. தண்ணியப் பாத்தாலே அவங்களுக்கு நடுக்கம். ரஷீது அண்ணன் சொல்றது முச்சூடும் பொய்யில்ல. ஒரு ஆளு பொடவ கட்டிகினு குதிச்சான். தண்ணில வியுந்ததும் சவுரி ஒரு பக்கம் மெதக்குது, ஆளு ஒரு பக்கம் மெதக்கறான். எனக்குச் சிரிப்பு தாங்கல. அந்த டைரக்டரு திரும்பிப் பாத்து, இன்னா சிரிப்பு, நீ குதிப்பியான்னாரு. குதிப்பேன்னேன்."

"உங்க நைனா வுட்டாரா?"

"நைனா கடலுக்குப் போயிருந்தாரு. அந்தம்மாவோட பொடவயவே எனக்குக் கட்டி வுட்டாங்க. உச்சி இல்லய்யா, பாதி மரம்தான். ஏறனதெல்லாம் அந்தம்மாதான், கரையில ஒரு கட்டய நட்டு ஏத்தினாங்க. குதிச்சது மட்டும் நானு. ஒரே தபா. கீய நீரோட்டம் இழுத்துச்சி, அதோடயே போயித் தள்ளி எய்ந்தேன். எல்லாரும் நான் செத்துட்டேன்னு கத்திகினு இருக்காங்க!"

கருணாகரன் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தான். நம்பக்கூடாது என்றுதான் நினைத்தான். முப்பத்தோரு தடவை பார்த்தவன் அவன். வீட்டில் அவன் சொல்லாத ஒன்றைக் கேட்டு ஒரே கேள்வியில் பிடித்துவிடலாம்.

"செரி. குதிக்கறதுக்கு முன்ன அவ இன்னா பண்ணுவா? சொல்லு பாப்போம்."

"யாருக்குத் தெரியும்? நான் பாத்தது ஒரே வாட்டி, அதுவும் பாதி கண்ண மூடிகினு. நிக்கச் சொன்னாங்க, நின்னேன். குதின்னாங்க, குதிச்சேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். இரு, நின்னு பாத்தாத்தான் தெரியும்." அவள் எழுந்தாள். எதிரே தண்ணீர் இருப்பதுபோல் ஒரு கணம் நின்றாள். யோசிக்காமலே அவளுடைய இடது கை முந்தானையைப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி இடுப்பில் சொருகியது.

கருணாகரன் அந்தக் கையையே பார்த்தான். அது ராணியின் வீரம் என்று நினைத்து ஹார்பர் முழுக்க அவன் நடித்துக் காட்டிய சைகை. பதினாலு வருஷமாகத் தினம் காலையில், கூடையைத் தலைக்கு ஏற்றுமுன், இந்த வாசலில் நின்று அவள் செய்வதும் அதுதான். கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. அவன் பார்த்தது ஒருநாளும் இல்லை.

வேணி குடத்தோடு வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"ஏம்மே சொல்லல?" என்றான் கடைசியில்.

"ஊருல பஞ்சாயத்து வெச்சிட்டாங்கய்யா. வயசுப் பொண்ணு வேசம் கட்டிகினா எவன் கட்டுவான்னு. வெளிய மூச்சு வுடக்கூடாதுன்னு எங்க நைனா என் தலையில அடிச்சி சத்தியம் வாங்கினாரு. கண்ணாலம் ஆன மூணா நாளு நீ என்னய அந்தப் படத்துக்கே இட்டுகினு போனே. எனக்கு உள்ளுக்குள்ள திக்குதிக்குன்னுது. திரும்பி வர்றப்ப வழி முச்சூடும் நீ அந்தக் குதியப் பத்தியே பேசிகினு வந்தே. இவள மாரி ஒரு பொம்பள ஒலகத்துலயே இல்லன்னே. ஞாபகம் கீதா?"

"கீது."

"என்கிட்டயே என்னயப் புகழ்ந்துகினு வர்றான் இந்த ஆளுன்னு நெனச்சேன். வருசா வருசம் கேட்டேன். நீ சொல்லச் சொல்ல எனக்கு உள்ள குளுந்து போவும். அதுக்கு மேல எனக்கு இன்னா வோணும்? சினிமாவுக்கு வந்தா எங்க வாயத் தொறந்துடுவேனோன்னுதான் வரல. நைனா செத்து ஆறு வருசம் ஆவுது, இனிமே சத்தியம் யாருக்கு? அப்பவும் சொல்லத் தோணல. சாரங்கவேணி குதிச்சாங்கன்னு நீ சொன்ன வரைக்கும் பொறுத்துகினேன்யா. ஆம்பள குதிச்சான்னா பொறுத்துக்க முடியுமா?"

கருணாகரன் எழுந்து கடற்கரைக்கு நடந்தான். அலை கட்டுமரங்களைத் தொட்டுத் தொட்டுப் போனது. அலை தாண்டினாலே தனக்குத் தலை சுற்றும் அந்தக் கடலையே பார்த்துக்கொண்டு நின்றான். பாதி மரம்தான் என்றாளே. பாதி மரம் எத்தனை ஆள் உயரம் என்று கணக்குப் போட்டான். அஞ்சாள் இருக்கும். வலை உலர்த்திக்கொண்டிருந்த மனோகரனைக் கூப்பிட்டான். மனோகரன் அவன் தமையன் மகன். "டேய், பவளத்தீவு ராணியில குதிச்சது யாரு தெரியுமா? உங்க சித்திடா!" இருட்டுவதற்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பியவன் சாரங்கவேணி படத்தைச் சுவரிலிருந்து கழற்றப் போனான். குப்பம்மா தடுத்தாள்.

"அத்த ஏன் எடுக்கறே? நான் கரையேறி வெடவெடன்னு நடுங்கிகினு நின்னப்ப, அவங்க துண்டாலயே என் தல தொவட்டி வுட்டாங்க. எனக்கு இந்தத் தண்ணின்னா பயம் பாப்பா, நீதான் குதிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கோ, நான் கோச்சுக்க மாட்டேன்னாங்க. ஊருதான் சொல்ல வுடல. அவங்க அங்கயே இருக்கட்டும்."

படம் அங்கேயே இருந்தது. அதன்மீது கருணாகரனுக்கு இருந்த மதிப்பு ஒரு படி கூடத்தான் செய்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அம்பட்டன் கடைக்குப் போய் மீசையை எடுத்தான். அந்த முகத்தோடு நேரே ரஷீதின் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்த ரஷீதின் மனைவி ரஹீமுன்னிசா அடையாளம் தெரியாமல் திரும்பவும் சாத்தப் பார்த்தாள்.

"ரஷீது, நான் தோத்துட்டேன். குதிச்சது சாரங்கவேணி இல்ல."

ரஷீதின் முகம் மலரவில்லை. நேற்று மூட்டை விழுந்ததிலிருந்து அவனும் தூங்கவில்லை. "வுடு நைனா, அந்தப் பேச்ச எடுத்ததே என் தப்பு. இப்பத்தான் மேஸ்திரியப் பாக்கக் கெளம்பினேன். சாப்பாட்டு நேரத்துல இவனப் பேஜாரு பண்ணது நானு, தண்டனன்னா எனக்கும் குடுன்னு சொல்லப் போறேன்."

"அத்த அப்புறம் சொல்லு. நீயும் தோத்துட்டே. குதிச்சது ஆம்பளயும் இல்ல."

"பின்ன யாரு?"

கருணாகரன் நிமிர்ந்து நின்று சொன்னான். ரஷீது வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அன்று காலை ராயபுரத்துத் தெருக்களில் ஒரு வேடிக்கை நடந்தது. குப்பம்மா கையை வீசிக்கொண்டு முன்னால் போனாள். பின்னால் தலையில் மீன் கூடையோடு ரஷீது. மூன்றாவது தெருவில் அவன் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. "போதுண்ணே, வஞ்சிரமெல்லாம் நசுங்குது" என்று குப்பம்மா கூடையைப் பிடுங்கிக்கொண்டாள். சாயங்காலம் ரஷீது மேஸ்திரியைப் போய்ப் பார்த்தான். ஒரு வாரம் என்பது மூன்று நாளாகக் குறைந்தது. நாலாம் நாள் வின்ச்சுக்கு வரலாம், கண்ணைச் சைகையில் வைத்திருந்தால்.

முதல் நாள் ஆட்டத்துக்கே காசிமேட்டிலிருந்து அறுபது பேர் கிளம்பினார்கள். டோல்கேட் தாண்டிக் கூட்டமாக நடந்தார்கள். குப்பம்மா கெட்டிக்கரைச் சிவப்புப் புடவை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். கொட்டாயில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பு உயரத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் மணலில் குப்பம்மாவும் வேணியும். இந்தப் பக்கம் தட்டியை ஒட்டிக் கருணாகரன். அவனை அடுத்து ரஷீது.

படம் ஓடியது. பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்து போயின. மற்ற நாளாக இருந்தால் கருணாகரன் கூடவே பாடியிருப்பான். இன்று பாய்மரம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தான்.

வந்தது. சாரங்கவேணி மரத்தில் ஏறினாள். அடுத்து, தூரத்தில், முகம் தெரியாமல் ஒருத்தி நின்றாள். இடது கை முந்தானையைச் சுற்றிச் சொருகியது. "அம்மோவ்!" என்று தட்டிக்கு அந்தப் பக்கம் வேணி கத்தினாள். பாய்ச்சல். தண்ணீர் மூடிக்கொண்டது. கருணாகரன் விசிலடிக்க விரலை வாயில் வைத்தான். உதடு நடுங்கிக் காற்றுதான் வந்தது. அவனுக்காகக் காசிமேட்டு ஆட்கள் அத்தனை பேரும் அடித்தார்கள்.

தலை எழும்பியதுதான் தாமதம், கருணாகரன் எழுந்து நின்றான். "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினான்.

"பாட்டுக்குத்தான்யா ஒன்ஸ்மோரு! குந்துய்யா!" என்று யாரோ பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள்.

ரஷீதும் எழுந்தான். "குதிச்சவங்க இங்கயே குந்தினு கீறாங்க! போடுய்யா இன்னொரு தபா!"

அறுபது பேரும் எழுந்து நின்றார்கள். கொட்டாய்க்காரர் ஓடி வந்து விஷயத்தைக் கேட்டார். தட்டிக்கு மேலே எட்டிக் குப்பம்மாவைப் பார்த்தார். மிஷின் ரூமைப் பார்த்துக் கையைக் காட்டினார். விளக்கைப் போட்டார்கள். ரீல் பின்னுக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. பெண்கள் பக்கத்தில் எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். குப்பம்மா தலையைக் குனியவில்லை. நேரே உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு அணைந்தது. மறுபடியும் பாய்மரம், மறுபடியும் அந்தப் பாய்ச்சல். இந்தத் தடவை கொட்டாய் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. திருவொற்றியூர்க்காரர்கள், எண்ணூர்க்காரர்கள், யாரென்றே தெரியாதவர்கள் எல்லோரும். கருணாகரனுக்குக் கண் நிறைந்து திரை கலங்கலாகத் தெரிந்தது. அவன் தட்டிமேல் சாய்ந்து, "எப்டிம்மே கீது?" என்று கேட்டான்.

குப்பம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"காலு ரெண்டும் வெலகிப் போச்சு பாருய்யா. அந்த டைரக்டரு இன்னொரு தபா கேட்டிருந்தா, இன்னும் நல்லா குதிச்சிருப்பேன்."